ஆட்டிசம் உள்ள தொழிலாளியும் அவருடைய சங்கமும்

பிரிட்டனில் 2005ஆம் ஆண்டின் பணியிட இரைச்சல் கட்டுப்பாட்டு விதிகள் 80 டெசிபெலில் கணக்கைத் தொடங்குகின்றன. வேலைநாளின் சராசரி இரைச்சல் அந்த அளவைத் தொட்டால் முதலாளி ஆபத்தை மதிப்பிட வேண்டும்; கேட்கும் தொழிலாளிக்குக் காதுக்கவசம் தர வேண்டும். 85ஐத் தொட்டால் கவசம் கட்டாயம். இயந்திரங்களுக்கு நடுவே வேலைசெய்து செவித்திறனை இழந்தவர்களைப் பார்த்து வகுத்த எண்கள் இவை. சாதாரண அலுவலகமோ துணிக்கடையோ இந்த அளவுக்கு வெகு கீழேதான் இருக்கும். அங்கே ஏசியின் ரீங்காரம் உண்டு, மாறி மாறி அடிக்கும் தொலைபேசிகள் உண்டு, முதுகுக்குப் பின்னால் இருவர் பேச்சு உண்டு, தலைக்கு மேலே மினுங்கும் குழல்விளக்கு உண்டு. பெரும்பாலோரின் கண்ணும் காதும் சற்று நேரத்தில் இவற்றை ஒதுக்கிவிடும். ஆட்டிசம் உள்ள பலருக்கு அது நடப்பதில்லை. காலையில் வந்த அதே கூர்மையோடு மாலைவரை ஒவ்வொரு ஓசையும் வந்துகொண்டிருக்கும். வேலை முடியும்போது அவர் பேசவும் முடியாத அளவுக்குக் களைத்திருக்கலாம். ஆனால் செவிக்குச் சேதமில்லை. எனவே இரைச்சல் விதிப்படி அங்கே எந்தக் குறையும் இல்லை.

இந்தக் குறையை அவர் யாரிடம், எந்த உரிமையைச் சொல்லி எழுப்புவார்? தனியாக மேலாளரிடம் போய், தன் நிலையை விளக்கி, ஓரத்து மேசை ஒன்றைக் கேட்கலாம். நல்ல மேலாளர் என்றால் தருவார். அவர் மாற்றலாகிப் போனால் புதியவரிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கேட்டுக் கிடைத்தது ஒருவரின் தயவாக இருக்கும்வரை நிலைமை இதுதான். அதை எழுதப்பட்ட, எல்லாருக்கும் பொதுவான, மேலாளர் மாறினாலும் மாறாத வேலை நிபந்தனையாக ஆக்கும் வலு தொழிற்சங்கத்துக்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். பிரிட்டனை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், சட்டம், தீர்ப்பு, சங்க வழிகாட்டி மூன்றும் அங்கே ஓரளவு ஒன்றுசேர்ந்து கிடைக்கின்றன.

முதலில் நிலவரம். 2024 பிப்ரவரியில் வெளியான பக்லண்ட் அறிக்கை, பிரிட்டனில் வேலை செய்யும் வயதிலுள்ள ஆட்டிசம் உள்ளவர்களில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ மூவரே வேலையில் இருக்கிறார்கள் என்றது. மாற்றுத்திறனாளிகள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் பத்தில் ஐவர். மாற்றுத்திறனாளி அல்லாதவர்களில் பத்தில் எண்மர். அமைச்சராக இருந்த சர் ராபர்ட் பக்லண்ட் அக்கறையோடு தயாரித்த அறிக்கை அது. ஆனாலும் அதன் பரிந்துரைகள் பெரும்பாலும் முதலாளிகளின் நல்லெண்ணத்தை நம்பியே நிற்கின்றன. நல்லெண்ணம் உள்ள நிறுவனங்கள் இருக்கத்தான் செய்கின்றன. டென்மார்க்கில் 2004இல் தோர்கில் சோன்னே தொடங்கிய ஸ்பெஷலிஸ்டெர்னே, 2013இல் எஸ்.ஏ.பி. அறிவித்த வேலைத்திட்டம் ஆகியவை மென்பொருள் சோதனை போன்ற பணிகளில் ஆட்டிசம் உள்ளவர்களைத் தேடி எடுத்தன. அவை செய்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. நுணுக்கத்தைக் கவனிப்பவர், பிழை கண்டுபிடிப்பவர் என்று நிறுவனத்துக்குப் பயன்படும் திறமையைக் காட்டித்தான் அங்கே கதவு திறக்கிறது. தனித்திறமை என்று எதையும் காட்ட முடியாத, ரயில் நிலையத்தில் தரை துடைக்கிற, பல்பொருள் அங்காடியில் பெட்டி அடுக்குகிற ஆட்டிசத் தொழிலாளிக்கு அந்தக் கதவால் பயனில்லை. சங்கம் திறமையைப் பார்த்து உறுப்பினர் சேர்ப்பதில்லை. அதனாலேயே இந்த வேலைக்கு அது பொருத்தமான இடம்.

பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான டி.யு.சி., பணியிடத்தில் ஆட்டிசம் குறித்த கையேட்டை 2014இல் வெளியிட்டது. எழுதியவர் ஜனைன் பூத். லண்டன் சுரங்க ரயிலில் வேலை பார்த்தவர், ரயில் தொழிலாளர் சங்கமான ஆர்.எம்.டி.யின் செயல்பாட்டாளர். கையேடு ஒரு ரயில் தொழிலாளியிடமிருந்து வந்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. ஷிப்ட் முறை, பயணிகளின் நெரிசல், கடைசி நேர மாற்றங்கள் என்று ஆட்டிசம் உள்ளவரைத் திணறடிக்கும் எல்லாமே அந்தத் தொழிலில் உண்டு. தொழிலாளியை வேலையிடத்துக்கு ஏற்பத் திருத்துவதைவிட வேலையிடத்தைத் திருத்த வேண்டும் என்ற பார்வையில் எழுந்தது அந்தக் கையேடு. இந்தப் பார்வையின் வேர் 1970களுக்குப் போகிறது. உடல் ஊனமுற்றோரின் அமைப்பான யூப்பியாஸ் 1976இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, உடலில் உள்ள குறை ஒன்று, அந்தக் குறையுள்ளவரைச் சமூகம் வெளியே நிறுத்துவது வேறொன்று என்று பிரித்துக் காட்டியது. பால் ஹன்ட்டும், தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியின் சிறையிலிருந்து பிரிட்டனுக்கு வந்த விக் ஃபிங்கல்ஸ்டைனும் அதன் முன்னணியாளர்கள். சங்க மொழியில் வளர்ந்தவர்களுக்கு இது புரியக் கடினமில்லை. விபத்து நடந்தால் தொழிலாளியின் கவனக்குறைவை மட்டும் பேசும் நிர்வாகத்திடம், இயந்திரத்துக்கு ஏன் தடுப்பு போடவில்லை என்று கேட்டுப் பழகியவர்கள் அவர்கள்.

சட்டத்துக்கு வருவோம். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், அன்றாடச் செயல்களைக் கணிசமாகவும் நெடுங்காலமும் பாதிக்கும் நிலையை மாற்றுத்திறனாக ஏற்கிறது. நெடுங்காலம் என்பது 12 மாதம் அல்லது அதற்கு மேல். இதில் தொழிலாளிகளில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு: மருத்துவச் சான்றிதழ் இருந்தால்தான் பாதுகாப்பு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆட்டிச மதிப்பீட்டுக்காக மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நாட்டில் இது சிறிய விஷயமில்லை. மாற்றுத்திறனாளிக்குக் கணிசமான பாதகம் ஏற்படும் இடத்தில் முதலாளி நியாயமான மாற்றங்களைச் செய்ய வேண்டும். செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. ஆனால் முதலாளிக்கு நிலைமை தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்திருக்க நியாயம் இருக்க வேண்டும். சொன்னால் ஒதுக்குவார்கள் என்ற பயத்தில் சொல்லாமலே இருப்பவருக்குச் சட்டம் எட்டாமல் போவது இங்கேதான்.

சட்டம் நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்கு ஒரு வழக்கு. அரசின் சட்டத் துறையில் பயிற்சி வழக்கறிஞர் பணிக்கு ஒரு பெண் விண்ணப்பித்தார். ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் நிலை உள்ளவர். முதல் சுற்று, கணினியில் சூழ்நிலைத் தேர்வு: வேலையில் இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லும் முறை. விடையைச் சுருக்கமாக எழுதித் தர அனுமதிக்குமாறு முன்கூட்டியே கேட்டார். மாற்று வடிவம் கிடையாது என்று பதில் வந்தது. தேறுவதற்கு 14 மதிப்பெண் வேண்டும்; அவர் பெற்றது 12. வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது, 2017இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதை உறுதிசெய்தது. கற்பனைச் சூழ்நிலைகளில் ஒன்றையே சரியென்று குறிக்கச் சொல்லும் அந்த வடிவம் அவரைப் போன்றவர்களுக்குப் பாதகமானது, அதே திறனை வேறு வழியில் சோதித்திருக்கலாம் என்பது முடிவு. அவருக்குக் கிடைத்த இழப்பீடு 860 பவுண்டு. எழுத்தில் மன்னிப்புக் கேட்கவும் பரிந்துரை.

இந்த 860 பவுண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தொகையை வைக்க வேண்டும். 2013 ஜூலை முதல் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட அரசு கட்டணம் விதித்தது. பாகுபாட்டு வழக்குக்குத் தொடக்கத்தில் 250, விசாரணைக்கு 950, ஆக 1,200 பவுண்டு. வருமானம் மிகக் குறைந்தவர்களுக்குச் சலுகை இருந்தது. அதற்குச் சற்று மேலே இருந்தவர்கள் கட்டித்தான் ஆக வேண்டும். வழக்குகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. பொதுத்துறை ஊழியர் சங்கமான யுனிசன் கீழ் நீதிமன்றங்களில் தோற்றுத் தோற்று உச்ச நீதிமன்றம்வரை போனது. 2017 ஜூலை 26 அன்று, அந்தக் கட்டணம் நீதியை அணுகும் உரிமையைத் தடுக்கிறது, ஆகவே சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. கட்டியவர்களுக்குப் பணம் திரும்பியது. யுனிசன் போட்ட அந்த வழக்கில் ஆட்டிசம் பேசப்படவேயில்லை. ஆனாலும் சங்கத்தில் சேராத, சங்கம் என்ற சொல்லையே விரும்பாத ஆட்டிசத் தொழிலாளிக்கும் தீர்ப்பாயத்தின் கதவை அது திறந்துவைத்தது. ஒரு தனிமனிதர் நான்காண்டுகள் இந்தச் சண்டையைத் தாங்கியிருக்க முடியாது.

எல்லாரையும் ஒரேமாதிரி நடத்தினாலே சமத்துவம்தானே என்று கேட்பவர்களுக்கு 2004ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து வழக்கொன்றைச் சொல்லலாம். ஃபைஃப் நகராட்சியில் தெருக்கூட்டும் வேலை செய்த பெண்மணி, சிறிய அறுவைச் சிகிச்சை ஒன்றின் சிக்கலால் நடக்க முடியாதவரானார். அலுவலக வேலைக்குப் பயிற்சி பெற்று, அதே நகராட்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட பணியிடங்களுக்கு விண்ணப்பித்தார். ஒவ்வொன்றிலும் மற்றவர்களோடு போட்டி நேர்காணல், ஒவ்வொன்றிலும் தோல்வி, கடைசியில் பணிநீக்கம். தேவைப்படும்போது மாற்றுத்திறனாளியைப் போட்டி நேர்காணல் இல்லாமலே வேறு பணிக்கு மாற்றுவதும் முதலாளியின் கடமைக்குள் வரக்கூடும், மற்றவர்களைவிட அவரைச் சாதகமாக நடத்துவதையும் சட்டம் எதிர்பார்க்கிறது என்று அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அவர் ஆட்டிசம் உள்ளவர் அல்ல. ஆனால் வேலையை நன்றாகச் செய்வார், நேர்காணலில் மட்டும் ஒவ்வொரு முறையும் தோற்பார் என்ற நிலை ஆட்டிசம் உள்ள ஏராளமானோரின் வாழ்க்கை. இந்தத் தீர்ப்பைச் சங்கப் பிரதிநிதிகள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பேன்.

வழக்கு என்பது எல்லாம் கெட்டுப்போன பிறகு வருவது. சங்கத்தின் உதவி மிகவும் தேவைப்படும் இடம் அதற்கு முந்தைய கட்டம், ஒழுங்கு நடவடிக்கை விசாரணை.

ஆட்டிசம் உள்ளவர் மீது வரும் புகார்கள் பெரும்பாலும் வேலைத்திறன் பற்றியவை அல்ல. மேலதிகாரியின் கணக்கில் பிழை இருப்பதைக் கூட்டத்திலேயே சொன்னார், வணக்கம் சொன்னால் நிமிர்ந்து பார்ப்பதில்லை, ‘முடிந்தபோது செய்’ என்றதை முடிந்தபோது என்றே எடுத்துக்கொண்டார் என்ற வகை. விசாரணை அறையில் குழுவினர் கேட்கிறார்கள்: ‘நீங்கள் அப்படிப் பேசியது சரியென்று இப்போதும் நினைக்கிறீர்களா?’ எதிரில் இருப்பவர் வருத்தத்தை எதிர்பார்க்கிறார் என்று நம்மில் பலர் ஊகித்துவிடுவோம். ஆட்டிசம் உள்ளவர் கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்வார். கணக்கில் பிழை இருந்தது உண்மை, ஆகவே ‘ஆம்’ என்பார். வருந்தவில்லை என்று குறிப்பேட்டில் ஏறும். கண்ணைப் பார்க்காததால் எதையோ மறைக்கிறார் என்றும் ஏறக்கூடும். உண்மையைச் சொன்னதற்காக ஒருவர் வேலையை இழப்பதை விடக் கொடுமையான அநீதி குறைவு.

1999ஆம் ஆண்டின் வேலை உறவுகள் சட்டம், இப்படிப்பட்ட விசாரணைக்குச் சங்கப் பிரதிநிதியையோ சக ஊழியரையோ துணைக்கு அழைத்துச் செல்லும் உரிமையைத் தருகிறது. அந்த நிறுவனம் சங்கத்தை அங்கீகரிக்காவிட்டாலும் உரிமை உண்டு. துணைவந்தவர் தொழிலாளியின் தரப்பை எடுத்துரைக்கலாம், தொகுத்துச் சொல்லலாம், இடையில் அவரோடு தனியே பேசலாம், குழு சொல்லும் கருத்துக்கு மறுமொழி கூறலாம். ஒன்று மட்டும் முடியாது: தொழிலாளியிடம் கேட்கப்படும் கேள்விக்கு அவருக்குப் பதிலாக இவர் விடை சொல்லும் உரிமையை அந்தச் சட்டம் தரவில்லை. ஆட்டிசம் உள்ளவருக்கு இந்த ஒரு விதிவிலக்கே எல்லாவற்றையும் கவிழ்த்துவிடக்கூடும்.

விவரம் தெரிந்த பிரதிநிதி அதனால் அறைக்குள் போவதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார். கேள்விகளை முன்கூட்டி எழுத்தில் தாருங்கள்; ஒரு நேரத்தில் ஒரு கேள்வி; யார் யார் இருப்பார்கள், எந்த அறை, எவ்வளவு நேரம் என்று தெரிவியுங்கள்; அரை மணிக்கொரு இடைவேளை; கேள்வி பொதுப்படையாக இருந்தால் துணைவந்தவர் அதைத் தெளிவாக மாற்றிச் சொல்ல அனுமதியுங்கள்; பார்வையையும் குரலையும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். இவற்றை வேண்டுகோளாக எழுதாமல் சமத்துவச் சட்டத்தின்கீழ் நியாயமான மாற்றங்களாக எழுதுவார். ஒரு சட்டம் விட்ட இடைவெளியை இன்னொரு சட்டத்தால் அடைக்கும் இந்தத் திறமை சங்க அனுபவத்தில் வருவது. பதற்றத்தில் இருக்கும் தனியொரு தொழிலாளியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. 2012இல் டேமியன் மில்டன் முன்வைத்த கருத்தும் இங்கே துணைக்கு வரும்: ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரியாததுபோல மற்றவர்களுக்கும் அவரைப் புரிவதில்லை, பிழை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. ஆட்டிசம் உள்ளவரான மில்டனின் இந்தக் கருத்தை விசாரணைக் குழுவுக்கு இரண்டு வரியில் விளக்கினாலே கேள்விகளின் தொனி மாறக்கூடும்.

இரைச்சலும் வெளிச்சமும் வேறொரு பிரதிநிதியின் வேலை. 1977ஆம் ஆண்டின் விதிகளின்படி, அங்கீகரிக்கப்பட்ட சங்கம் நியமிக்கும் பாதுகாப்புப் பிரதிநிதி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலையிடத்தைச் சோதிக்கலாம், ஆவணங்களைக் கேட்கலாம், அதற்கான நேரத்துக்குச் சம்பளமும் உண்டு. பல பத்தாண்டுகளாக இந்தச் சோதனையில் தேடியது வழுக்கும் தரை, மறைப்பில்லாத மின்கம்பி, அடைபட்ட அவசர வழி. அதே படிவத்தில் மினுங்கும் விளக்கு, கழிவறையின் அலறும் கைஉலர்த்தி, நெடியடிக்கும் துப்புரவுத் திரவம், ஒதுங்கி உட்கார அறை உண்டா என்ற நான்கு வரிகள் சேர்ந்தால் போதும். யாருடைய பெயரும் வராது, யாரும் தன் நிலையை வெளியே சொல்ல வேண்டியதில்லை. விளக்கு மாறினால் ஒற்றைத் தலைவலிக்காரருக்கும் நல்லது.

தன் நிலையைச் சொல்லாமலே பயன்பெற வழி அமைப்பதுதான் கூட்டுப் பேரத்தின் பெரிய பலம் என்று கருதுகிறேன். ஷிப்ட் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் காலை ஷிப்ட் என்று இன்றிரவு சொல்வது ஆட்டிசம் உள்ளவரின் ஒருவார ஒழுங்கைக் குலைத்துவிடலாம். கைக்குழந்தை உள்ள தாய்க்கும், இரண்டு வேலை பார்ப்பவருக்கும் அதே தொல்லைதான். மாற்றத்தை இத்தனை நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் ஏறினால் மூவரும் காப்பாற்றப்படுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு ஆட்டிசம் என்பதை நிர்வாகம் அறியத் தேவையே இல்லை. கட்டளைகளை எழுத்தில் தருவது, கூட்டத்தின் பொருள்நிரலை முன்பே அனுப்புவது எல்லாம் இந்த வகை. இவற்றால் தீராத தனித் தேவைகளுக்காக டி.யு.சி.யும் ஜி.எம்.பி. சங்கமும் 2019இல் ஒரு மாதிரிப் படிவம் வெளியிட்டன. ஒருவருக்கு ஒப்புக்கொண்ட மாற்றங்களை எழுதி இரு தரப்பும் கையெழுத்திடும் அந்த ஆவணத்துக்குப் பாஸ்போர்ட் என்று பெயர். மேலாளர் மாறினாலும், தொழிலாளி வேறு பிரிவுக்குப் போனாலும் அது கூடவே போகும்.

சங்கம் தன் வீட்டையும் பார்க்க வேண்டும். மாலை நேரக் கிளைக் கூட்டம், ஒருவர்மேல் ஒருவராகப் பேசும் வழக்கம், பழைய உறுப்பினர்களுக்கு மட்டும் புரியும் சுருக்கப் பெயர்கள், கை தூக்கி உடனே பேசினால்தான் குரல் என்ற முறை: இவை நிர்வாகம் போட்ட தடைகள் அல்ல. கருத்தை எழுதி அனுப்பினாலும் தீர்மானத்தில் சேர்க்கலாம் என்று ஒரு விதி வைப்பதற்கு எந்த முதலாளியின் ஒப்புதலும் வேண்டியதில்லை. இதைவிடக் கடினமானது, தொல்லை கொடுப்பவரும் உறுப்பினராக இருக்கும் நிலை. கேலி, பட்டப்பெயர், சாப்பாட்டு மேசையில் ஒதுக்கல் எல்லாம் பல நேரம் சக தொழிலாளியிடமிருந்தே வரும். இருவருக்கும் தனித்தனிப் பிரதிநிதி என்பது நல்ல நடைமுறை. ஆனால் நடைமுறையில் நிறுத்திக்கொண்டு, செய்தது தவறு என்று சங்கம் வாய்திறந்து சொல்லாமல் இருந்தால், கேலிக்கு ஆளானவர் உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவரைக் குறைசொல்ல முடியாது.

இதுவரை சொன்னது பிரிட்டன்; இந்தியாவிலும் இதற்குச் சட்டத்தின் அடித்தளம் இருக்கிறது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இடம்பெற்றது. அரசுப் பணியின் 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளோர் சேர்ந்து பகிர்ந்துகொள்ள வேண்டும். அரசு நிறுவனங்கள் நியாயமான மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு. தனியார் நிறுவனம் உட்பட எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. ஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு உண்டு என்ற சான்றிதழ் தேவை. நியாயமான மாற்றங்களுக்கு அந்த அளவுகோலைப் போடக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2021இல் விகாஷ் குமார் வழக்கில் தெளிவாக்கியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களுக்குச் சமமாகத் தொழிற்சங்க உரிமைகளைப் பயன்படுத்த வழிசெய்ய வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

உள்விசாரணையில் தொழிலாளிக்காகச் சங்க நிர்வாகி வாதாடுவது நம் ஆலைகளுக்குப் புதிதல்ல. மாதிரி நிலையாணைகள் அதற்கு நெடுங்காலமாக இடம் தந்திருக்கின்றன. மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுப்பதில் தேர்ந்தவர்கள் நம் சங்க அலுவலகங்களில் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த மெமோவைக் கையில் வாங்கும்போது, நிமிர்ந்து பார்க்காதது, சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டது, கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசியது ஆகியவை குற்றச்சாட்டாக எழுதப்பட்டிருந்தால், பதில் எழுதுவதற்கு முன் அந்தத் தொழிலாளியிடமும் அவர் சம்மதித்தால் குடும்பத்தாரிடமும் ஒருமுறை பொறுமையாக உட்கார்ந்து பேசலாம். நிறுவனத்தின் சமவாய்ப்புக் கொள்கையின் பிரதியைக் கேட்டு வாங்கலாம். ஊதிய ஒப்பந்தத்துக்கான அடுத்த கோரிக்கைப் பட்டியலில், பஞ்சப்படிக்கும் போனசுக்கும் கீழே, ஷிப்ட் மாற்றத்தை எழுத்தில் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்கலாம்.